அண்ணன் சட்டையில் ஊக்கு

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் அங்கே வந்திருந்தபோது அண்ணன் சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லை. ஊக்கு மாட்டியிருந்தார். கோவில்பட்டியில் 40 வருஷம் தையல் மெஷின் மிதித்த மனுஷன்! "ஊசி நூல் இல்லையா அண்ணே?" என்றேன். "இருக்கு. யாரு கோக்குறது" என்றார். மாத்திரை டப்பாவைத் திறந்தேன். செவ்வாய், புதன் இரண்டும் அப்படியே கிடந்தன. ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை விட்டால் அந்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் ராசா.

"வயசானா அப்படித்தான், அம்மா போன வருத்தம்" என்றாய். மதினியை நினைத்து அழுதால் நான் பயப்பட மாட்டேன். அண்ணன் அழவே இல்லையே. வயதானவர்கள் 'மனசு சரியில்லை' என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். அசதி, பசியில்லை, மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது என்பார்கள். நாமும் அதை இதயத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். 32 வருஷம் வார்டில் நின்ற நானும் பிரஷரையும் பல்ஸையும் எழுதினேனே தவிர, மனசைக் கேட்டதில்லை.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மாண்ட்ரியலில் அப்படி 222 பேரை ஆறு மாதம் கவனித்து 1993-ல் எழுதினார்கள். சோர்வில் இருந்தவர்களிடம் சாவு மற்றவர்களைவிடப் பல மடங்கு. சோர்வில் ரத்தத் தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன, உடம்பில் அழற்சி கூடுகிறது. நடை நிற்கும், மாத்திரை நிற்கும். இதயம் மனசைச் சாய்க்க, மனசு இதயத்தைச் சாய்க்கும்.

உன் தாத்தாவை நினைத்துப் பார். ஆச்சி போன ஏழாம் மாதம் அவரும் போனார். "ஜோடி பிரியாமப் போயிட்டாங்க" என்று ஊரே பெருமை பேசியது. நர்ஸாக இருந்துகொண்டு நானும் தலையாட்டினேன். அது இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

அடுத்த செக்கப்பில் விட்ட மாத்திரையையும் இந்தச் சோர்வையும் சேர்த்துச் சொல். கடைசி இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்பார்கள். சாகத் தோன்றுகிறதா என்பதும் அதில் உண்டு, திடுக்கிடாதே. மனநல டாக்டரிடம் அனுப்பினால் கூட்டிப் போ. "எனக்கென்ன பைத்தியமா" என்பார், கேட்காதே. மனச்சோர்வுக்கு மாத்திரையை நீயாக மெடிக்கலில் வாங்கிவிடாதே. பழைய வகை சில இதயத்துக்கு ஆகாது. செர்ட்ரலின் போன்றவற்றை மாரடைப்பு வந்தவர்களுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மனசுக்கு அவசரமென்றால் 14416, அரசின் இலவச மனநல உதவி எண். மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்தால் ஆயுசு கூடும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். 2,481 பேரிடம் செய்த ஆய்விலும் மனசு தேறியது, ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. இருக்கிற நாளை அவர் உட்கார்ந்து அனுபவித்தால் போதாதா?

இன்னொன்று. மெஷின். ஃபிளாட்டில் இடமில்லை என்று அதை விற்றாயே, அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. 2,500 ரூபாய்க்கு! ஏழாவது மாடியில் அண்ணனிடம் அளவு கொடுக்க யார் வருவார்கள்? இங்கே நாலு பேர் தினமும் "டெய்லர் எப்ப வருவாரு" என்று கேட்கிறார்கள்.

அங்கேயே வைத்துக்கொள்வதோ இங்கே அனுப்புவதோ, முடிவு உன்னுடையது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முன்னறையைக் காலி பண்ணியாயிற்று. பழைய மெஷின் ஒன்று வாங்கி பெல்ட்டும் மாற்றியாயிற்று. திருநெல்வேலியில் இதய டாக்டர் இருக்கிறார். அங்கே பார்க்கிற டாக்டர் பயணத்துக்குச் சரி என்றால் லோயர் பெர்த்தாகப் பார்த்துப் போடு. யோசித்துச் சொல்.

கடுமையாக எழுதிவிட்டேனோ? நீ தங்கமான பிள்ளை. கேத் லேப் வாசலில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றவன். உன்னைப் போல எந்தப் பிள்ளை பார்ப்பான்? மெஷின் பேச்சை மனசில் வைக்காதே, நானே மறந்துவிட்டேன். கடலைமிட்டாய் இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறேன். சின்னவளுக்கு என் முத்தம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அந்தப் பட்டனை மட்டும் யாரும் தைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஊசி நூலை அண்ணன் பக்கத்தில் வைத்தால் போதும்.

உன் அத்தை