தென்னையில் கட்டும் அன்ரெனா

பளையில் அமெச்சூர் வானொலி அன்ரெனாவுக்குக் கோபுரம் தேவையில்லை, தென்னைகள் இருக்கின்றன. 40 மீற்றர் அலைவரிசைக்கான இருமுனை அன்ரெனாதான் தொடங்குவதற்கு நல்லது. 143ஐ மெகாஹேட்ஸிலுள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் முழு நீளம் மீற்றரில் வரும். 7.1க்கு ஏறத்தாழ 20, பக்கத்துக்குப் பத்து. ஓரடி கூட்டி வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகித) மீற்றரைப் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள்.

நடுவில் ஒரு எஸ்லோன் பைப் துண்டு. 50 ஓம் கேபிளின் உள்கம்பியை ஒரு பக்கத்திலும் வலையை மறுபக்கத்திலும் ஈயம் வைத்து ஒட்டி, நீர் புகாமல் மூடுங்கள். உப்புக்காற்று செம்பை விட்டுவைக்காது.

சோளகத்தில் தென்னை ஆடும்போது இறுக்கிக் கட்டிய வயர் அறுந்துவிடும். ஒரு முனைக் கயிற்றைக் கப்பியில் போட்டு மணல் நிரப்பிய போத்தலைத் தொங்கவிடுங்கள். அது ஏறி இறங்கும், வயர் தப்பும். உயரம் 30 அடி போதும். தாழ்ந்த அன்ரெனா நேர் மேலே அனுப்பும் அலை அருகிலேயே திரும்பி இறங்குவதால், பகலில் இலங்கைக்குள் பேச அதுவே உகந்தது. உள்நாட்டுத் தொடர்பு அவசரத்திலும் உதவும்: 2004 சுனாமியில் அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி அனுப்ப அமெச்சூர் வானொலி கைகொடுத்தது.

மின்கம்பி அருகே ஒருபோதும் கட்டாதீர்கள். இடி வருமெனத் தெரிந்தால் முன்கூட்டியே கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள். கேட்பதோடு நில்லாமல் பேசவும் விரும்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் கட்டாயம்.