பிக்கப் வண்டியில் திரும்பத் திரும்ப வரும் பழுது: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?



நம் பகுதியில் பல வீடுகளின் அடுப்பு ஒரு பிக்கப் வண்டியை நம்பித்தான் எரிகிறது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் இறக்குகிறவர்கள், சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறவர்கள், ஆடு மாடு ஏற்றுகிறவர்கள், துணி மூட்டையோடும் பாத்திரத்தோடும் மலைக் கிராமங்களுக்குப் போய் வருகிறவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். பொலேரோவாக இருக்கலாம், தோஸ்தாக இருக்கலாம், குட்டி யானையாக இருக்கலாம். வண்டி நின்றால் வருமானம் நின்றுவிடும். மாதத் தவணை மட்டும் நிற்காது.

பழுது ஒருமுறை வந்தால் செலவு. அதே பழுது மூன்றாம் முறை வந்தால் கடன். நகை அடகுக்குப் போவதும், வட்டிக்கு வாங்க நேர்வதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவது முறைகளில்தான். எனவே மெக்கானிக்கிடம் சரியான கேள்வியைக் கேட்கவும், வண்டி சொல்வதைப் புரிந்துகொள்ளவும் தேவையான அளவு விஷயங்களை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. மலை வண்டியிடம் என்ன கேட்கிறது?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரம் கொண்டது. கச்சிராயபாளையம் வரை சமதளத்தில் வந்த வண்டி, வெள்ளிமலைக்கு ஏறும்போது வேறு வகையான வேலை செய்கிறது.

ஒரு எளிய கணக்கு. பத்து அடி போனால் ஒரு அடி உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியும் சரக்கும் சேர்ந்து 3,000 கிலோ என்றால், அந்த ஏற்றம் வண்டியைச் சுமார் 300 கிலோ பலத்தில் பின்னால் இழுக்கிறது. இன்னும் 1,000 கிலோ ஏற்றினால் இழுவை 400 கிலோ ஆகிவிடும். இன்ஜினின் பலம் முழுவதும் கிளட்ச் தட்டின் பிடிப்பு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். சமதளத்தில் மாதக்கணக்கில் வெளியே தெரியாத தேய்மானம், மலையில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடுவது இதனால்தான்.

2. சக்தி போகும் பாதை

இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன், கடைசியில் சக்கரம். மேலே சொன்ன வண்டிகளில் சக்தி இந்த வரிசையில்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. பழுது எங்கே என்று தேடுவதும் இதே வரிசையில் இருக்க வேண்டும். "கியர் விழவில்லை" என்றதும் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிப்பது தவறான தொடக்கம். கியர் விழாததற்குக் காரணம் கிளட்ச் முழுமையாகப் பிரியாததாக இருக்கலாம். கேபிள் தளர்ந்திருக்கலாம். ஹைட்ராலிக் கிளட்சாக இருந்தால், சிலிண்டரில் கசிவோ, குழாயில் காற்றோ இருக்கலாம். செலவு குறைந்த காரணத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் செலவு கூடிய காரணத்துக்குப் போக வேண்டும்.

3. சத்தமும் வாடையும் சொல்லும் செய்தி

• இன்ஜின் வேகம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது: கிளட்ச் நழுவுகிறது.

• கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வருகிறது: ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

• நியூட்ரலில் சத்தம் இருக்கிறது, கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது: கியர்பாக்ஸின் உள்ளே முன்பக்க பேரிங்குகளைப் பார்க்க வேண்டும்.

• ரிவர்ஸ் போடும்போது "கர்ர்" என்று உரசுகிறது: பெரும்பாலும் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை.

• ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் உரசுகிறது: அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம்.

• ஓடும்போது கியர் தானாக வெளியே வருகிறது: ஃபோர்க், ஸ்பிரிங், கியர் பல் ஆகியவற்றின் தேய்மானம். இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் உடைந்திருந்தாலும் இப்படி வரும். முதலில் ரப்பரைப் பாருங்கள்.

• வண்டியை எடுக்கும்போது அடியில் "டக்" என்று அடிக்கிறது: புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம்.

• ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் பின்னால் ஊளைச் சத்தம் மாறி மாறி வருகிறது: கிரவுன், பினியன், அதன் பேரிங்குகளைப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் நழுவுகிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. சமமான இடத்தில், முன்னால் ஆள் யாரும் இல்லாதபோது, ஹேண்ட் பிரேக்கை இறுக்கமாகப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்சாக இருந்தால் இன்ஜின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு பிடிக்கவில்லை என்று பொருள். இதை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். சோதனையே தட்டைத் தேய்க்கும்.

4. ஒரே பழுது ஏன் திரும்ப வருகிறது?

உடைந்த பொருளை மாற்றுகிறோம், உடைத்த காரணத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். இதற்கு மூன்று உதாரணங்கள்.

முதலாவது, கிளட்ச் தட்டு. ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். கழற்றிய பழைய தட்டை வாங்கிப் பாருங்கள். அதில் எண்ணெய்ப் பசை இருந்தால் சீல் ஒன்று கசிகிறது. கறுத்து நீர்த்த எண்ணெய் என்றால் இன்ஜினின் பின்பக்க சீல். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர்பாக்ஸின் முன்பக்க சீல். சீலை மாற்றாமல் எத்தனை தட்டு போட்டாலும் அது நனைந்து நழுவும். எண்ணெய் இல்லாமல் தட்டு வெறுமனே கருகியிருந்தால், காரணம் அதிகச் சுமை, ஓட்டும் பழக்கம், அல்லது மிதியில் சிறிதும் தளர்வு இல்லாமல் இறுக்கி வைத்திருப்பது. தட்டு மாற்றும்போது ஃப்ளைவீலின் முகத்தில் நீலப் புள்ளிகளும் வெடிப்புகளும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். கியர்பாக்ஸை இறக்கும் கூலியை இரண்டாவது முறை கொடுப்பதுதான் பெரிய நஷ்டம்.

இரண்டாவது, எண்ணெய்க் கசிவு. கியர்பாக்ஸின் மேலும் பின் ஆக்ஸிலின் மேலும் பிரீதர் என்ற சிறு மூச்சுத் துளை இருக்கும். மழைக்காலத்து மலைச் சேறு அதை அடைத்துவிடும். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரிவடைந்து, வெளியேற வழியில்லாமல் எண்ணெயை சீல் வழியாகத் தள்ளும். சீலை மூன்று முறை மாற்றியும் கசிவு நிற்காத வண்டியில், இந்தத் துளையைச் சுத்தம் செய்தாலே தீர்வு கிடைக்கலாம். அதன் பிறகும் கசிந்தால், ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரிங் ஆடினால் எந்த சீலும் நிற்காது.

மூன்றாவது, கிராஸ். அதிகச் சுமைக்காகப் பின்னால் கூடுதல் பட்டை போட்டுவிடுகிறோம். வண்டியின் பின்புறம் உயர்கிறது, புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறுகிறது. கிராஸ் மாறிய கோணத்தில் வேலை செய்து சீக்கிரம் தேய்கிறது. ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் அடையாளம் இட்டு, அதே நிலையில் திரும்ப மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் வண்டி அதிரும், புதுக் கிராஸும் போகும். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போடுவதும் கிளட்சுக்குப் பாரம்தான்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் தேவை. "எல்லாம் கியர் ஆயில்தானே" என்று ஊற்றக் கூடாது. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று கையேட்டில் இருந்தால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 எண்ணெய்கள் சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்க்கை, பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கும். கிரவுனுக்குக் கேட்பது வேறு வகையாக இருக்கலாம். பழைய எண்ணெயை இறக்கும்போது காந்தத் திருகில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். இரும்புத் துணுக்குகள் இருந்தால் வண்டியை அப்படியே மலைக்கு அனுப்பாதீர்கள்.

5. ஏறும்போதும் இறங்கும்போதும்

ஏற்றத்தில் வண்டியை அரைக் கிளட்சில் நிறுத்தி வைக்காதீர்கள். எதிரே வண்டி வந்து நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளட்ச் மிதியில் காலை ஊன்றியபடியே ஓட்டுவதும், கியர் கம்பின் மேல் கையைப் போட்டுக்கொண்டே ஓட்டுவதும் நம்மில் பலருக்குப் பழக்கம். முன்னது ரிலீஸ் பேரிங்கையும், பின்னது உள்ளே இருக்கும் ஃபோர்க்கையும் தேய்க்கும்.

இறக்கம் இன்னும் முக்கியமானது. 3,000 கிலோ எடையுள்ள வண்டி 2,000 அடி கீழே இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி டிரம்மிலும் டிஸ்கிலும் இறங்கும். பிரேக் பிடிப்பு குறையும். நீர் கோத்த பழைய பிரேக் ஆயிலாக இருந்தால் அது கொதித்து, மிதி தரையைத் தொடும். எனவே எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது நல்லது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் உயிரோடு விளையாடும் காரியம். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கான வேக்குவம் உதவி சில மிதிகளோடு தீர்ந்துவிடும்.

6. வீட்டில் ஒரு நோட்டு

வண்டிக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். எழுதும் பொறுப்பை வீட்டுப் பெண்களிடமோ, படிக்கும் பிள்ளைகளிடமோ கொடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன பழுது, என்ன மாற்றினோம், கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு. இவ்வளவு போதும். ஆறு மாதம் எழுதினால், "எப்பவும் ஏதாவது செலவு" என்று அத்தா அலுத்துக்கொள்ளும் வண்டியில், பணம் உண்மையில் எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்ற முடிவையும் அந்த நோட்டே சொல்லும். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வேலை முடிக்காதீர்கள்.

7. சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் மொத்த எடையும் வெற்று எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் சரக்கும் ஆட்களும் அடங்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 ஆவது பிரிவின்படி, அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடையில் கிடைக்கும் கூடுதல் வாடகையை இதோடும், கிளட்ச் செலவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வது நம் பகுதியில் சாதாரணமாகிவிட்டது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002 இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்தால் பாரம் முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழும்.

புது வண்டியில் உத்தரவாதக் காலத்துக்குள் ஒரே பழுது திரும்ப வந்தால், ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் உங்கள் புகாரை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, நகலை வாங்கி வையுங்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வண்டி வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பேச்சைவிடக் காகிதம்தான் அங்கே நிற்கும்.

8. விற்கும்போது

கியர்பாக்ஸ் சத்தத்தைக் கெட்டி எண்ணெய் ஊற்றி மறைத்து விற்பது சிலருக்கு சாமர்த்தியமாகத் தெரியலாம். வாங்குகிறவரும் நம்மைப் போல் தவணை கட்டும் ஒரு குடும்பத்தலைவர்தான். பொருளின் குறையை வாங்குபவரிடம் சொல்லி விற்பது நம் மார்க்கம் வியாபாரிக்கு வைத்த கடமை. நோட்டைக் காட்டி, குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள். வாங்கும்போதும் நோட்டைக் கேளுங்கள். ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் கலந்து பேச

• நம் வண்டியில் கடந்த ஒரு வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்த பழுது எது? பழைய பொருளை யாராவது பார்த்தோமா?

• கியர்பாக்ஸ், கிரவுன் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? என்ன வகை ஊற்றப்பட்டது?

• ஆர்.சி.யில் உள்ள எடைக்கும் நாம் ஏற்றும் எடைக்கும் எவ்வளவு வித்தியாசம்?

• இறங்கும்போது எந்தக் கியரில் இறங்குகிறோம்?

இந்த நான்குக்கும் விடை எழுதிவிட்டு, அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது "மாற்றிக் கொடுங்கள்" என்பதற்கு முன் "ஏன் போனது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடமே வண்டியைத் தொடர்ந்து விடுங்கள்.