பன்னிரண்டைப் பதினான்காக்கும் முன்

பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய எஸ்.எம்.பி.எஸ். பெட்டி சென்னை ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். அதன் 12 வோல்ட்டைச் சற்றே ஏற்றி 13.8 ஆக்கினால் ஹாம் ரேடியோவுக்கு ஆகும், 14.4 ஆக்கினால் கார் பேட்டரிக்குச் சார்ஜர் ஆகும். நல்ல ஆசைதான். ஆனால் அதையொட்டிப் புழங்கும் சில நம்பிக்கைகள் உயிருக்கே உலை வைப்பவை.

"பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லை" என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே வரும் 230 வோல்ட் ஏசி, டிசியாகி, சுமார் 325 வோல்ட்டாக இரண்டு பருத்த கெப்பாசிட்டர்களில் தேங்கி நிற்கிறது. அதை வடிக்க ரெசிஸ்டர்கள் உண்டு. பழைய பெட்டியில் அவை கருகிப் போயிருக்கலாம். மின்விசிறி நின்றதை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் சில கிலோ ஓம் கொண்ட, வாட் கூடிய ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டவே வேண்டாம். தெறிக்கும் பொறி கண்ணைப் பதம் பார்க்கும்.

"ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் போதும்" என்பது பாதி உண்மை. பழைய பெட்டிகள் பலவற்றில் டிஎல்494 அல்லது கேஏ7500 ஐ.சி. இருக்கும். 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டிலிருந்தும் ரெசிஸ்டர்கள் வழியாக அதன் 1ஆம் காலுக்குத் தகவல் போகிறது. அந்த விகிதத்தை மாற்றினால் 12 ஏறும். ஆனால் எல்லாம் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பிறப்பவை: 12 என்பது 13.8 ஆனால், 5 என்பது ஏறக்குறைய 5.75 ஆகிவிடும். உடனே ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு பெட்டியை அணைத்துவிடும். "ஐ.சி. போச்சு" என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பை வெட்டி எறிபவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. புதிய அளவுக்கு ஏற்ப அதை மாற்றியமைப்பதே முறை. வெளியீட்டில் உள்ள 16 வோல்ட் கெப்பாசிட்டர்களையும் 25 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகள் விட்ட அளவுதான் எல்லை.

"இரண்டு பெட்டிகளை வரிசையாக இணைத்தால் 24 வோல்ட்" என்பார்கள். இரண்டின் மைனஸும் தகரப் பெட்டியோடும், அதன் வழியே எர்த்தோடும் சேர்ந்தவை. இணைத்தவுடன் ஒன்றின் 12 வோல்ட் எர்த் வழியாக ஷார்ட் ஆகும். இதற்கு எர்த் கம்பியை வெட்டச் சொல்லும் யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே ஏதேனும் கசிந்தால், அந்தத் தகரத்தைத் தொடுபவரைக் காப்பது அந்தக் கம்பிதான்.

"14.4 வந்துவிட்டால் சார்ஜர் தயார்" என்பதும் தவறு. காலியான பேட்டரி கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் இழுக்கும். கரண்ட் லிமிட் அவசியம். நாள்கணக்கில் 14.4இலேயே விட்டால் பேட்டரி கொதித்து வறண்டுபோகும்.

தம்பி தங்கைகளே, முதல் பெட்டியைப் பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறவுங்கள். சில ஆம்பியர் போதுமென்றால் திறக்கவே வேண்டாம். 12 வோல்ட் வெளியீட்டில் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் போர்டை இணைத்தாலே 13.8 கிடைத்துவிடும்.