லென்ஸ் கெட்டுப் போனால்: ரிப்பேரா, புதுசா?



ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். தென்காசியில் சாரல் விழுந்தாலே நமக்குச் சந்தோஷம். கேமராவுக்கு மட்டும் அது ஆகாது. ஈரக்காற்று உள்ளே தங்கினால், ஊறுகாய் ஜாடியில் பூப்பதுபோல லென்ஸ் கண்ணாடியிலும் பூசணம் பூத்துவிடும்.

சீசனுக்கு முன்னால் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அருவிக்கு வருகிறவர்களையும் சடங்கு வீடுகளிலும் போட்டோ எடுத்துப் பிழைக்கும் அக்கா ஒருவர், லென்ஸ் கெட்டுவிட்டது, புதுசு வாங்க 12,000 ரூபாய் கடன் வேண்டும் என்றார். இன்னொரு உறுப்பினர் மகளின் படிப்புச் செலவுக்குக் கேட்டார். குழுவில் இருந்த பணம் இரண்டுக்கும் காணாது. "முதல்ல லென்ஸைப் பாப்போம்க்கா, பொறவு பேசுவோம்" என்றார் ஊக்குநர். அன்று எல்லோரும் சேர்ந்து பார்த்தது இவைதான்.

1. எது கெட்டது? முன்னால் திருகி மாட்டும் பில்டர் மட்டும் உடைந்திருந்தால் அதை மாற்றினால் போதும். லென்ஸ் நன்றாகவே இருக்கலாம்.

2. படம் கெடுகிறதா? வெளிச்சம் நமக்குப் பின்னால் இருக்க ஒரு படம், எதிரே இருக்க ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முன்கண்ணாடியில் உள்ள சின்னக் கீறல் பெரும்பாலும் படத்தில் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல் தெரியும். பூசணம் பரவியிருந்தால் படம் பனிமூட்டம் போல வெளிறிப்போகும்.

3. துடைத்தால் போகுமா? புதுப் பூசணத்தை ரிப்பேர் கடையில் கழற்றித் துடைத்துவிடலாம். நாள்பட்டது கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். அந்தத் தழும்பு போகாது.

4. கணக்கு என்ன? ரிப்பேர் செலவைப் புது விலையோடு அல்ல, அதே லென்ஸின் செகண்ட் ஹேண்ட் விலையோடு ஒப்பிடுங்கள். செகண்ட் ஹேண்ட் 4,000 ரூபாய் என்றால், 1,200 ரூபாய் ரிப்பேர் லாபம். 2,500 ரூபாய் என்றால் மாற்றிவிடுவதே நல்லது. பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். செலவு எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று கடையில் எழுதி வாங்குங்கள்.

அக்காவின் லென்ஸில் ஓரத்தில்தான் பூசணம். 1,200 ரூபாயில் வேலை முடிந்தது. சின்னத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து எடுப்பதில்லை. பிழைப்பும் நிற்கவில்லை, அந்த மகளின் படிப்புச் செலவுக்கும் கடன் கிடைத்தது.

வராமல் காக்க: நனைந்த கேமராவை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, நன்றாகக் காற்றாட விடுங்கள். அடுப்புச் சூட்டிலோ கடும் வெயிலிலோ வைக்காதீர்கள். பிறகு இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோல் பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் பூசணம் வரும்.

குழுவில் பேசுங்கள்: தையல் மெஷின், கிரைண்டர் கெட்டுப்போனாலும் இதே நான்கு கேள்விதானே? கடன் தீர்மானம் எழுதுமுன் நம் குழுவில் இதைக் கேட்கிறோமா?