மட்டம் ஏறும் வேகம்

கேள்வி: கூம்பு வடிவத் தொட்டியில் நீர்மட்டம் ஏறும் வேகத்தைக் காணும் கணக்கில், சூத்திரம் தெரிந்திருந்தும் விடை தவறுகிறதே, ஏன்? (மாட்டுங்காவிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: தாராவிச் சந்துகளில் குழாயில் நீர் வரும் வேளையில் நேரான பீப்பாயைக் கவனித்தால் மட்டம் ஒரே சீராக உயரும், அடி குறுகி வாய் அகன்ற கூம்பிலோ, நீர் ஒரே அளவில் விழுந்தாலும், மேலே செல்லச் செல்ல அவ்வேகம் தளர்கிறது, இந்த மாறுதலை அளப்பதே வகையிடலின் பிரயோஜனம்.

நீர்ப்பரப்பின் ஆரம் எப்போதும் ஆழத்தில் பாதி என்று கொண்டால், நீரின் கன அளவு, பையை ஆழத்தின் மும்மடியால் பெருக்கி 12 ஆல் வகுத்ததாகும். இதைச் சங்கிலி விதிப்படி காலத்தைக் குறித்து வகையிட, நீர் சேரும் வேகமானது, பையில் நாலில் ஒரு பங்கு, ஆழத்தின் வர்க்கம், மட்டம் ஏறும் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கமாகிறது. நிமிஷத்துக்கு 9 லிட்டர், அதாவது 9,000 கன சென்டிமீட்டர் விழுமானால், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மட்டம் நிமிஷத்துக்குச் சுமார் 3.2 சென்டிமீட்டர் உயரும். 30 சென்டிமீட்டர் ஆழத்திலோ அதன் நாலு மடங்கு, சுமார் 12.7.

பெரும்பாலோர் தவறுவது, வகையிடுமுன்பே 60 என்ற எண்ணை இட்டுவிடுவதால்தான். மாறும் ராசி நிலையான எண்ணாகிவிட்டால் அதன் வகைக்கெழு பூஜ்யமாகிவிடுகிறது. ஆகையால், முதலில் சம்பந்தத்தை எழுதி, பிறகு வகையிட்டு, அதன் பின்னரே எண்களை இடுங்கள், விடை தவறாது.