கூத்துப் பிள்ளைகளுக்கு எந்த வழி நல்லது?

திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டி தமிழக வடமாவட்டக் கிராமங்களில் விடிய விடிய நடைபெறும் தெருக்கூத்தில் மனம் பறிகொடுத்து, தானும் வேடம் கட்டவேண்டுமென்று ஆசைப்படும் பிள்ளைக்குக் கைகொடுக்க நினைக்கும் பெரியோர்முன் இன்று மூன்று மார்க்கங்கள் இருக்கின்றன: கூத்து வாத்தியாரிடம் ஒப்படைப்பது, உபகாரச் சம்பளம் பெற்றுத் தருவது, காமிராவும் கணினியும் கற்பிக்கும் வகுப்பில் சேர்ப்பது.

முதலாவதற்கே முதலிடம் என்பது என் திடமான அபிப்பிராயம். அடவு, விருத்தம், எதிர்வேடக்காரர் சட்டென்று திருப்பிவிடும் பேச்சுக்கு அந்த க்ஷணத்திலேயே பதில் சொல்லும் சாதுரியம் ஆகியவை, ஆடுகளமாகிய களரியில் வாத்தியாருக்குப் பக்கத்தில் நின்று பல இரவுகள் கண்விழித்தவனுக்கன்றி மற்றவனுக்கு வாய்ப்பதில்லை. கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் மரபு தலைமுறைகளைத் தாண்டி நிலைத்ததும் இந்த அப்பியாசத்தால்தான். ஆனால், சிறு வேடமாவது கொடுத்து மாணவனை மேடையேற்றுகிறவரா, இரவுக்கூலியைத் தெளிவாகப் பேசுகிறவரா, பள்ளிப்படிப்பை நிறுத்தச் சொல்லாதவரா என்று விசாரித்தே வாத்தியாரைத் தேர்ந்துகொள்ளவேண்டும். காஞ்சிபுரத்தருகே, தெருக்கூத்தைக் கட்டைக்கூத்தென்றே வழங்கும் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் தொடங்கிய குருகுலம் படிப்பையும் கூத்தையும் ஒருசேரக் கற்பித்து, ஆண்களே ஆடிவந்த களரியில் பெண்பிள்ளைகளையும் ஏற்றியதென்பது நாம் நன்றியோடு நினைக்கத்தக்கது.

உபகாரச் சம்பளமோ இதற்குப் போட்டியன்று. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் தருவது, ஏற்கெனவே குருவிடம் பயின்று தேறியவர்களுக்கே.

மூன்றாவது மார்க்கத்தில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். கைப்பேசிக்கேற்ற அரைநிமிடத் துணுக்குகளை வெட்டி ஒட்டமட்டும் கற்பிக்கும் வகுப்பைவிட, முகவீணை என்னும் குழலின் கூரிய நாதத்தில் பாடுவோர் குரல் அமுங்காதபடி ஒலிவாங்கியை எங்கே வைப்பது, முழு இரவையும் குறையாது பதிந்து நாள், ஊர், ஆடியோர் பெயர்களுடன் எப்படிச் சேமிப்பது என்று கற்பிக்கும் வகுப்பு நூறு மடங்கு பிரயோஜனமானது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் பதிப்புரிமைச் சட்டம் மேடைக்கலைஞருக்குத் தம் ஆட்டத்தின் ஒலி, ஒளிப்பதிவின்மீது உரிமை வழங்கியிருப்பதை அந்த வகுப்பு சொல்லிக்கொடுக்கிறதா என்றும் கேளுங்கள். அறியாமல் கைநாட்டு வைத்துப் பதிவை இழப்பது கொடிய நஷ்டம். யூடியூபில் 1,000 சந்தாதாரரோடு, ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையோ, 90 நாளில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வையோ சேர்ந்தபின்னரே விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாமாதலால், அதை ஜீவனோபாயமாக நம்பி ஜமாவை, அதாவது கூத்துக்குழுவை, விட்டுவிடுவது ஆபத்து.

பங்குனி தொடங்கி ஆடிவரை கூத்துக்கு உச்சகாலமாகையால் அம்மாதங்களை வாத்தியாருக்கே விட்டுவிட்டு, மேடை ஓய்ந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் கணினிப் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம். பிள்ளை செய்யும் முதற்பதிவு, வயது முதிர்ந்த தன் வாத்தியாரின் விருத்தங்களாக இருக்கட்டும். பிரதியொன்று ஜமாவிடமும், மற்றொன்று வாத்தியார் வீட்டிலும் இருக்கவேண்டும். அதற்கான செலவை ஊரார் ஏற்பதே நியாயம்.