ஊசி கிடையாது கண்ணு!

"ஊசி போடுவாங்களா?"

கோயம்புத்தூருக்கு டெஸ்டுக்குப் போகிறோம் என்றதும் பிள்ளை கேட்கிற முதல் கேள்வி இதுதான். அப்பத்தாவின் கவலை வேறு: "நம்ம பையனுக்கு அப்படி என்ன கொறை?" பல்லடத்தில் பஸ் ஏறுவதற்கு முன்பே இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுவது நல்லது.

பெரும்பாலும் பள்ளியில்தான் பேச்சு தொடங்குகிறது. வாயால் கேட்டால் பாடத்தைக் கடகடவென்று சொல்கிற பையன், எழுத உட்கார்ந்தால் எழுத்துகளை விழுங்குகிறான். "ஒருக்கா அசெஸ்மென்ட் பாத்துருங்க" என்கிறார் டீச்சர். அதற்கு வைத்திருக்கும் நரம்பு உளவியல் பரிசோதனை என்ற பெயர்தான் மிரட்டுகிறது. நடப்பது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி சமாச்சாரம். சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்வது, கட்டைகளை அடுக்குவது, உருவம் வரைவது, வாசிப்பது. நினைவாற்றல், கவனம், மொழி எல்லாவற்றையும் உளவியலாளர் இவற்றிலிருந்தே கணிக்கிறார்.

நேரம் வாங்கும்போதே சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். பார்ப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா? எத்தனை மணி நேரம் ஆகும்? தினமும் கொடுக்கும் மாத்திரையை அன்று கொடுக்கலாமா? கண்ணும் காதும் சோதித்தாகிவிட்டதா என்பது அதைவிட முக்கியம். கரும்பலகை தெரியாத பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? கற்றல் குறைபாட்டுக்காக மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரிசையைத்தான் சொன்னது: முதலில் குழந்தை மருத்துவர், பார்வை, செவித்திறன், பிறகு நுண்ணறிவுச் சோதனை, அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. சான்றிதழுக்கு 8 வயதாகியிருக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

வீட்டில் எந்த மொழி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் இங்கிலீஷ், வீட்டில் கொங்குத் தமிழ் என்றாலும் சரி, மில் வேலைக்கு வந்த குடும்பத்தில் ஒடியா என்றாலும் சரி, மொழி மாறினால் விடையும் மாறும்.

சின்னப் பிள்ளைக்கு முதல் நாள் சொன்னால் போதும். பெரிய பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே. "உனக்கு எது சுலபமா வருது, எது கஷ்டம்னு பாப்பாங்க கண்ணு. ஊசி கிடையாது." விளையாடப் போகிறோம் என்ற பொய் வேண்டாம், அரை மணி நேரத்தில் சாயம் வெளுத்துவிடும். இன்னொன்றை விடாமல் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகளில் பலவும், தொடர்ந்து சில கேள்விகளுக்குப் பிள்ளை திணறுகிற வரை கடினமாகிக்கொண்டே போகும்படி அமைந்தவை. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் தெரியாத கேள்வி வரும். சரியா தப்பா என்று எதிரே இருப்பவர் சொல்லவும் மாட்டார். இது தெரியாமல் உள்ளே போகும் பிள்ளை பாதியில் அழுதுவிடுகிறது.

யூடியூபில் ஐ.கியூ. கேள்விகளைத் தேடிப் பழக்குவதுதான் பெற்றோர் செய்கிற பெரிய தப்பு. மதிப்பெண் பொய்யாக ஏறும். கிடைக்க வேண்டிய உதவி கைநழுவும். இதே காரணத்தால், அண்மையில் வேறெங்காவது சோதித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

பையில் கண்ணாடி, பழைய மருத்துவச் சீட்டுகள், பள்ளி நோட்டு. அழகாக எழுதிய நோட்டு வேண்டாம்; அழித்து அழித்து ஓட்டை விழுந்த பக்கம் இருக்கிறதே, அதுதான் வேண்டும்.

தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைதான். இருந்தாலும் முந்தின இரவு சீக்கிரம் படுக்க வைக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளலாம். பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு இட்லி, இறங்கிய பிறகு மீதி.

அறைக்குள் பெரும்பாலும் பெற்றோரை விடுவதில்லை. வெளியே வந்ததும் "எத்தனை கரெக்ட்?" என்று கேட்க வேண்டாம். "பசிக்குதா சாமி?" போதும்.

அறிக்கை கைக்கு வந்ததும் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு. பள்ளி வழியாக விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் கேட்பார்கள்.